62 வயதில் 9 நாள் மலைக்காட்டு சைக்கிள் பயணம்: ஒத்திகையில் இரண்டாம் நாளே படுத்துவிட்டேன், எங்கே தப்பு?

தாமதப்பயணி:

வணக்கம் நண்பர்களே. வயது 62, வேலையிலிருந்து ஓய்வு பெற்று ஒரு வருடம் ஆகிறது. சைக்கிள் எனக்குப் புதிதல்ல. பத்து வருடமாக வாரக் கடைசிகளில் மண்பாதையில் ஓட்டுகிறேன். ஆனால் மூட்டை கட்டிக்கொண்டு, காட்டில் கூடாரம் போட்டுத் தூங்கி, மறுநாளும் அதற்கு மறுநாளும் ஓட்டுவது இதுதான் முதல் தடவை.

திட்டம் இது: 430 கி.மீ., மொத்த ஏற்றம் 9,800 மீட்டர், 9 நாள். நடுவில் இரண்டு இடத்தில் மட்டும்தான் ஊர் வரும். மீதி எல்லாம் காடு, மேடு, ஓடை. வட அமெரிக்காவின் நீண்ட சைக்கிள் பாதையான கிரேட் டிவைட்டில் போனவர்கள் ஒரு நாளில் 80, 90 கி.மீ. ஓட்டியதாக எழுதுகிறார்கள். வயதை நினைத்து ஏறக்குறைய அதில் பாதி என்று கணக்குப் போட்டேன்.

போன வாரம் இரண்டு ராத்திரி ஒத்திகை. முதல் நாள் 46 கி.மீ., 1,150 மீட்டர் ஏற்றம். ஒன்பது மணி நேரம் ஆனது, சமாளித்துவிட்டேன். இரண்டாம் நாள் 19 கி.மீ.யில் கால் நின்றுவிட்டது. வலித்ததால் அல்ல, உள்ளே ஒன்றுமே மிச்சமில்லை. சைக்கிளைத் தள்ளிக்கொண்டு சாலைக்கு வந்து வீட்டுக்குப் போன் செய்தேன். கூடவே இரண்டு தொல்லைகள்: முழங்காலின் முன்பக்கம் வலி, இரண்டு கையிலும் மோதிர விரலும் சுண்டு விரலும் மரத்துப்போனது.

வேடிக்கை என்னவென்றால், நெஞ்சுப் பட்டை காட்டிய இதயத் துடிப்பு எந்த ஏற்றத்திலும் 120-ஐத் தாண்டவே இல்லை. 208-லிருந்து வயதின் 0.7 மடங்கைக் கழித்தால் என் உச்சம் 165 வருகிறது. அதில் 73 சதவீதம்தானே, நிதானமாகத்தான் போகிறோம் என்று நம்பிக்கொண்டிருந்தேன்.

வயதா, பயிற்சியா, சைக்கிளா? வீட்டில் "போதும், விடுங்கள்" என்கிறார்கள். விட மனம் இல்லை.

குறுக்குப்பாதை:

மோட்டார் வைத்த சைக்கிள் வாங்குங்கள் சார். பிரச்சினை முடிந்தது.

பல்சக்கரம்:

சார்ஜ் போட மரத்தில் பிளக் இருந்தால் வாங்கலாம்.

தாமதப்பயணி சார், சில எண்கள் வேண்டும். முன்னால் செயின்ரிங்கில் (மிதியோடு சுற்றும் பல்சக்கரம்) எத்தனை பல், பின்னால் கேசட்டில் (பின்சக்கரத்துப் பல்சக்கரக் கொத்து) பெரிய சக்கரத்தில் எத்தனை பல்? உங்கள் எடை, சைக்கிள் எடை, மூட்டை எடை? டயர் அகலம், காற்று எவ்வளவு?

தாமதப்பயணி:

முன்னால் 32. பின்னால் பெரியது 42. நான் 74 கிலோ, சைக்கிள் 14, மூட்டை தண்ணீரோடு 17. சக்கரம் 29 அங்குலம், டயர் 2.35. மூட்டை கனமாக இருக்கிறதே என்று காற்று 40 பிஎஸ்ஐ வைத்தேன். மூட்டையை 12 கிலோவுக்குக் குறைத்தால் சரியாகிவிடுமா?

பல்சக்கரம்:

எடையைக் குறையுங்கள், நல்லதுதான். ஆனால் நோய் அங்கே இல்லை.

கணக்கைப் பாருங்கள். 32-க்கு 42 என்றால் மிதி ஒரு சுற்று சுற்றும்போது சைக்கிள் ஏறக்குறைய 1.75 மீட்டர் நகர்கிறது. நிமிடத்துக்கு 60 சுற்று மிதித்தால் மணிக்கு 6.3 கி.மீ. மொத்தம் 105 கிலோவை 8 சதவீத மண் ஏற்றத்தில் அந்த வேகத்தில் நகர்த்த 180 வாட் தேவை. வாரக் கடைசியில் அரை மணி நேரம் அதைக் கொடுத்துவிடலாம். நாள் முழுக்கக் கொடுத்துவிட்டு மறுநாளும் கொடுக்க, உங்கள் வயதில் நன்றாகப் பயிற்சி பெற்றவருக்கே கஷ்டம்.

மூட்டையில் ஐந்து கிலோ குறைத்தால் 180 என்பது 171 ஆகும். அவ்வளவுதான். அதே 17 கிலோவோடு முன்னால் 28, பின்னால் 51 போட்டால், அதே 60 சுற்றில் வேகம் மணிக்கு 4.5 கி.மீ.யாக இறங்கும், தேவை 130 வாட் ஆகும். நடக்கிற வேகம்தான், இருக்கட்டுமே. இப்போதைய பல்லில் இதைவிட மெதுவாகப் போக வேண்டுமானால் 40 சுற்றுக்கு இறங்கி மிதியை நசுக்கி நசுக்கி ஏற வேண்டும். நீங்கள் செய்ததும் அதுதான் என்று உங்கள் முழங்கால் சொல்கிறது. முன்பக்கம் வலித்தால் முதல் சந்தேகம் கனமான பல் (மிதிக்கக் கடினமான கியர்), அடுத்தது தாழ்ந்த சீட். சீட்டை ஐந்து மில்லிமீட்டர் ஏற்றிப் பாருங்கள். முழங்காலின் பின்பக்கம் வலிக்க ஆரம்பித்தால் அதிகம் ஏற்றிவிட்டீர்கள் என்று அர்த்தம்.

51 பல்லை உங்கள் டெரைலர் (செயினைப் பல்சக்கரம் மாற்றிவிடும் கருவி) தாங்குமா என்று பார்த்துவிட்டு வாங்குங்கள். தாங்காவிட்டால் முன்னால் 28 மட்டும் மாற்றினாலே 158 வாட்டுக்கு வரும்.

விரல்: சுண்டு விரலும் மோதிர விரலும் சேர்ந்து மரத்தால் உள்ளங்கையின் வெளிப்புறம் ஓடுகிற நரம்பு நசுங்குகிறது. சீட்டின் மூக்கு கீழே சாய்ந்திருந்தால் உடம்பு முன்னே வழுக்கி, பாரமெல்லாம் கைக்கு வரும். அதை மட்டமாக்குங்கள். உள்ளங்கை பரவி உட்காரும் அகலமான பிடி போடுங்கள். அப்புறம் அந்த 40 பிஎஸ்ஐ! ஒவ்வொரு கல்லும் நேராகக் கைக்கு வந்திருக்கும். டியூப்லெஸ் என்றால் முன்னால் 23, பின்னால் 26-லிருந்து ஆரம்பித்து, ரிம் தரையில் இடிக்கிறதா என்று பாருங்கள். வாரக்கணக்கில் மரப்பு போகாவிட்டால் மருத்துவரிடம் காட்டிவிடுங்கள்.

மாத்திரைப்பெட்டி:

இழையை மேலிருந்து படித்தேன். எல்லோரும் தாண்டிப்போன ஒன்று என்னை உறுத்துகிறது. இவ்வளவு களைத்துப்போன மனிதருக்குத் துடிப்பு 120 மட்டும் எப்படி? ஐயா, பிரஷருக்கு மாத்திரை சாப்பிடுகிறீர்களா? பெயர் "லால்" என்று முடிகிறதா?

தாமதப்பயணி:

ஆமாம், மெட்டோப்ரொலால். மூன்று வருடமாக. கூடவே சிறுநீர் அதிகம் போக வைக்கும் ஒரு மாத்திரையும் உண்டு. முழங்கால் வலிக்கு முதல் நாள் மாலை இபுப்ரோஃபென் ஒன்று, மறுநாள் காலை ஒன்று போட்டேன். ஏன் கேட்கிறீர்கள்?

மாத்திரைப்பெட்டி:

செவிலியராக வேலை பார்த்தவன், அதனால்தான் கேட்டேன். அந்த வகை மாத்திரை இதயத் துடிப்புக்குக் கடிவாளம் போடுகிறது. வயதுச் சூத்திரம் மாத்திரை சாப்பிடாதவர்களுக்கானது. உங்களுக்கு 120 என்பது 73 சதவீதமே அல்ல, உச்சத்தைத் தொட்டுக்கொண்டிருந்திருக்கலாம். நெஞ்சுப் பட்டை பொய் சொல்லவில்லை, நீங்கள் தவறான அளவுகோலை வைத்துப் படித்தீர்கள். முதல் நாள் முழுவதும் எல்லை மீறி ஓட்டிவிட்டு நிதானமாக ஓட்டியதாக நினைத்துக்கொண்டீர்கள்.

இனி பேச்சுதான் அளவுகோல். ஏறும்போது ஒரு முழு வாக்கியத்தை நிறுத்தாமல் சொல்ல முடிய வேண்டும். மூன்று வார்த்தைக்கு ஒரு மூச்சு என்றால் இலகுவான பல்லுக்கு மாற்றுங்கள். கடைசிப் பல்லிலும் அப்படித்தான் என்றால் இறங்கித் தள்ளுங்கள். இதைக் கேட்டுவிட்டு மாத்திரையை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். திடீரென்று நிறுத்துவது ஆபத்து.

அதைவிட எனக்குக் கவலை இபுப்ரோஃபென். நீர் வற்றியிருக்கும் உடம்பில், சிறுநீர் மாத்திரையோடு சேர்ந்தால் அது சிறுநீரகத்தைக் கெடுக்கலாம். வயதாக ஆகத் தாக உணர்வும் மங்கும். தாகம் எடுத்த பிறகு குடிக்கலாம் என்று இருக்காதீர்கள். கிளம்புவதற்கு முன் மருத்துவரிடம் திட்டத்தை அப்படியே சொல்லுங்கள், எத்தனை நாள், எவ்வளவு ஏற்றம், உதவி எவ்வளவு தூரத்தில் என்பது உட்பட. "சைக்கிள் ஓட்டலாமா?" என்று மட்டும் கேட்டால் "ஓட்டுங்கள், நல்லது" என்றுதான் பதில் வரும்.

தாமதப்பயணி:

இது எனக்குத் தோன்றவே இல்லை. அந்தப் பட்டையை வாங்கிய நாளிலிருந்து தப்பாகப் பயிற்சி செய்திருக்கிறேன்.

ஈரக்கூடாரம்:

எனக்கு 67. 58-ல்தான் இந்தப் பைத்தியம் பிடித்தது, அதனால் உங்களுக்கு அக்காவாகச் சொல்கிறேன். பல்லும் மாத்திரையும் சரியானாலும் உங்கள் திட்டம் இன்னும் சரியாகவில்லை.

கிரேட் டிவைட்டில் பெரும்பகுதி மண்சாலையும் சரளைச் சாலையும்தான். உங்களுடைய காட்டு ஒற்றையடிப் பாதையோடு அதை ஒப்பிட்டுப் பாதியாக்கினால் கணக்கு எப்படி வரும்? கி.மீ.யை மறந்துவிடுங்கள். ஏற்றத்தையும் நேரத்தையும் எண்ணுங்கள். மிதிப்பதும் தள்ளுவதும் சேர்த்து ஆறு மணி நேரம், அதற்கு மேல் ஒரு நாளிலும் வேண்டாம். இருட்டுவதற்கு மூன்று மணி நேரம் முன்பே கூடாரம் போட்டுவிடுங்கள். இளசுகள் ராத்திரி தூங்கி எழுந்தால் போதும். நமக்கு மாலையும் வேண்டும், உட்காரவும் சாப்பிடவும் காலை நீட்டவும். நான் மூன்றாவது நாளைக்கு எப்போதும் அரை நாள்தான் ஒதுக்குவேன். அப்படிப் பார்த்தால் உங்கள் 430 கி.மீ.க்கு 13, 14 நாள் ஆகும். அவ்வளவு நாள் சாப்பாடு சுமக்க முடியாது என்றால் முதல் ஊரிலிருந்து இரண்டாம் ஊர் வரை மட்டும் இந்த வருடம் போங்கள்.

வரைபடத்தில் வழியைக் குறிக்கும்போது வெளியேறும் வழியையும் குறியுங்கள். ஒவ்வொரு முகாமிலிருந்தும் சாலை எத்தனை மணி நேரம், இறக்கமா ஏற்றமா என்று. உடம்பு முடியாத நாளில் 600 மீட்டர் ஏறித்தான் வெளியேற முடியும் என்றால் அது வழியே அல்ல. அனுமதியையும் பார்த்துவிடுங்கள். காடு என்றாலே சைக்கிள் போகலாம் என்று இல்லை. அமெரிக்காவில் 1964 சட்டப்படி வனாந்தரமாக அறிவித்த பகுதிகளில் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போகக்கூட விடமாட்டார்கள்.

மற்றபடி எனக்கு அடி வாங்கித் தெரிந்தவை. ஓடைத் தண்ணீரைச் சுத்தமாக்கும் நூலிழை வடிகட்டி ஒரு தடவை உறைந்தால் போச்சு, பார்த்தால் நன்றாகத்தான் இருக்கும், கிருமியை விட்டுவிடும். குளிர் ராத்திரியில் தூக்கப் பைக்குள் வைத்துக்கொள்ளுங்கள். மேலே போகப் போக ஆயிரம் மீட்டருக்கு ஆறேழு டிகிரி குறையும், கீழே இதமாக இருந்ததை வைத்து உடுப்பைத் தீர்மானிக்காதீர்கள். டெரைலரைச் சைக்கிளோடு பிணைக்கும் ஹேங்கர் ஒன்று உபரியாக வேண்டும், அது சைக்கிளுக்குச் சைக்கிள் மாறும், வழியில் கிடைக்காது. கரடான இறக்கத்தில் இறங்கி நடங்கள். உடைந்தால் நம் எலும்பு ஒன்றுசேர மூன்று வாரம் போதாது. அப்புறம் முக்கியமாக, வெள்ளெழுத்துக் கண்ணாடி. அறுந்த செயினைக் கையில் வைத்துக்கொண்டு இணைப்புக் கண்ணி எந்தப் பக்கம் என்று தெரியாமல் அரை நாள் உட்கார்ந்திருக்கிறேன்.

வீட்டில் பயப்படுகிறவர்களுக்கு: இருவழியில் செய்தி அனுப்பும் செயற்கைக்கோள் கருவி எடுத்துக்கொள்ளுங்கள். 406 மெகாஹெர்ட்ஸ் அவசர பீக்கன் (ஆபத்துக் குறி மட்டும் அனுப்பும் கருவி) உயிர் காக்கும், ஆனால் அதில் "சாப்பிட்டேன், தூங்கப்போகிறேன்" என்று அனுப்ப முடியாது. ஒரு ஒப்பந்தமும் போடுங்கள். அடர்ந்த மரத்தடியிலும் பள்ளத்தாக்கிலும் செய்தி தாமதமாகும், ஆகவே ஒரு ராத்திரி வராவிட்டால் பதற வேண்டாம், மறுநாள் மதியம் வரை வராவிட்டால் யாரைக் கூப்பிடுவது என்று எழுதிக் கொடுத்துவிட்டுப் போங்கள்.

தாமதப்பயணி:

ஆறு வாரம் கழித்து எழுதுகிறேன். முன்னால் 28 மாட்டியாயிற்று. 51-ஐ என் டெரைலர் தாங்காது, எனவே பின்னால் பழைய 42-தான். மூட்டை 13 கிலோ. மருத்துவர் மாத்திரையை மாற்றவில்லை, இபுப்ரோஃபென்னைத் தொடாதே என்றார், டிரெட்மில்லில் ஓடவிட்டு இதயத்தைப் பார்க்கும் பரிசோதனை ஒன்று எடுக்க வைத்து, போகலாம் என்றார்.

அதே பாதையில் மூன்று ராத்திரி போய்வந்தேன். முதல் நாள் 29 கி.மீ., இரண்டாம் நாள் 31, மூன்றாம் நாள் அக்கா சொன்னபடி 14 மட்டும், நான்காம் நாள் 27. ஏற்றத்தில் பாதி தள்ளல்தான். வாய்விட்டுப் பேசிக்கொண்டே ஏறினேன், எதிரே வந்த ஒருவர் ஒதுங்கி நின்று வழிவிட்டார். முழங்கால் வலி இல்லை. சுண்டு விரல் மாலையில் கொஞ்சம் மரத்தது, காலையில் சரி. இந்த வருடம் இரண்டு ஊருக்கு நடுவில் உள்ள 190 கி.மீ. மட்டும், ஏழு நாள்.

நான்காம் நாள் ஒரு கல்லில் இடித்து ஹேங்கர் வளைந்தது. உபரி இருந்தது. கண்ணாடியை வீட்டில் வைத்துவிட்டுப் போயிருந்தேன்.

ஈரக்கூடாரம்:

அடப்பாவி. இரண்டு வாங்கி, ஒன்றை ஸ்பேனர் பையிலேயே கட்டிவிடு தம்பி.