ஹாரன் அடிப்பவர்களை எப்படிச் சமாளிக்கிறீர்கள்?

நிறுத்தியிருக்கும் கார்களை ஒட்டிப் போனால் எந்த நேரத்தில் கதவு திறக்குமோ என்று ஒரு கதவு அகலம் தள்ளித்தான் சைக்கிள் ஓட்டுகிறேன், ஆனால் பின்னால் வருபவர்களுக்கு அது வேண்டுமென்றே வழிமறிப்பது போலத் தெரிகிறதோ என்னவோ, முதுகை ஒட்டி வந்து ஹாரன் அடிக்கிறார்கள். சிலர் தங்கள் காரின் பக்கக் கண்ணாடி என் ஹேண்டில்பாரை உரசும் அளவுக்கு நெருங்கி முந்துகிறார்கள். ஜெர்மனியில் ஊருக்குள் சைக்கிளை முந்தும்போது குறைந்தது 1.5 மீட்டர் இடைவெளி விடவேண்டும் என்று 2020 முதல் சட்டமே இருக்கிறது!

சரி, எல்லா ஓட்டுநரும் அப்படியில்லை. பொறுமையாக வருபவருக்கு இடம் கிடைத்ததும் ஒதுங்கிக் கையசைத்தால் அவரும் தலையாட்டிவிட்டுப் போகிறார். சிக்னலில் கண்ணாடியை இறக்கித் திட்டுபவரிடம்தான் என்ன பேசுவதென்று தெரியவில்லை, நீங்கள் என்ன செய்வீர்கள்? அப்புறம் கார் ஓட்டுபவர்களும் சொல்லுங்கள், நாங்கள் எப்படிக் கை காட்டினால் உங்களுக்குச் சட்டென்று புரியும்? ஹேண்டில்பாரில் கண்ணாடி மாட்டியவர்கள் யாராவது இருந்தால், அதனால் பயன் உண்டா?