1980 மினி 1000: நெரிசலில் சூடானதும் அணைந்துவிடுகிறது, ஆறினால்தான் கிளம்புகிறது. உதவி தேவை

தெம்பனிஸ்_மினி:
வணக்கம். வண்டி 1980 மினி 1000. 998 சிசி எஞ்சின், ஒற்றை எஸ்யூ எச்எஸ்4 கார்புரேட்டர் (பெட்ரோலைக் காற்றோடு கலப்பது), லூகாஸ் 45டி4 டிஸ்ட்ரிபியூட்டர் (பிளக்குகளுக்கு ஸ்பார்க்கைப் பகிர்ந்து அனுப்புவது). அதற்குள் திறந்து மூடி ஸ்பார்க்கை உண்டாக்கும் பாயின்ட் செட்தான், எலக்ட்ரானிக் இக்னிஷன் இல்லை. ஏர்கானும் இல்லை.

காலையில் சோக் இழுத்தால் உடனே கிளம்பும். விரைவுச்சாலையில் சீராக ஓடும்வரை ஒரு குறையும் சொல்ல முடியாது. மதிய வெயிலில் நெரிசலில் ஊர ஆரம்பித்து அரைமணி ஆனதும் லேசாகத் துள்ளுகிறது, பிறகு சட்டென்று அணைந்துவிடுகிறது. ஸ்டார்ட்டர் வேகமாகச் சுற்றுகிறது, ஆனால் எஞ்சின் பிடிப்பதில்லை. பானெட்டைத் திறந்து 20, 30 நிமிடம் ஆறவிட்டால் தானாகவே சரியாகிவிடுகிறது.

வெப்பமுள் நடுவைத் தாண்டுவதில்லை. ரேடியேட்டர் சுத்தம் செய்தாயிற்று, தெர்மோஸ்டாட்டும் பைபாஸ் ஹோஸும் புதிது. பெட்ரோல் 95, ஃபில்டர் புதிது. காயில் (ஸ்பார்க்குக்கான உயர்மின்னழுத்தம் தருவது), பாயின்ட், கண்டென்சர் (பாயின்ட் கருகாமல் காக்கும் மின்தேக்கி) மூன்றும் சில மாதங்களுக்கு முன்பு ஒரே நேரத்தில் மாற்றப்பட்டவை. பார்க்கிறவர்கள் எல்லாரும் பெட்ரோல் ஆவியாகிறது, எலக்ட்ரிக் பம்ப் போடு என்கிறார்கள். போடலாமா?

ஈசூன்_ஸ்பானர்:
பம்ப் வாங்குவதைத் தள்ளிப்போடுங்கள் தம்பி. இந்தக் கோளாறில் பாகம் பாகமாக மாற்றிக்கொண்டே போகிறவர்கள்தான் அதிகம். காரணம், ஆறிய வண்டியில் எதைச் சோதித்தாலும் நன்றாகவே இருக்கும். செத்துக் கிடக்கும் அந்தச் சில நிமிடங்களில் தெரிய வேண்டியது ஒன்றே ஒன்று: ஸ்பார்க் இல்லையா, பெட்ரோல் இல்லையா?

விரைவுச்சாலையில் நின்றுவிட்டால் சோதனையெல்லாம் வேண்டாம். ஹசார்ட் விளக்கைப் போட்டு, இறங்கித் தடுப்புக்கு அப்பால் நில்லுங்கள். சிங்கப்பூர் விரைவுச்சாலைக் கண்காணிப்பு அமைப்பான இமாஸின் மீட்பு வண்டி இலவசமாக அருகிலுள்ள கார்ப்பேட்டைக்கு இழுத்துப் போய்விடும். நிறுத்திய வண்டியில் எஞ்சினைச் சும்மா ஓடவிடுவது இங்கே குற்றம், வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) கார்ப்பேட்டையில் பழுதுபார்ப்பதற்கும் அனுமதி கிடையாது. அதனால் தெரிந்த ஒர்க்‌ஷாப்பில், பானெட்டை மூடி எஞ்சினை ஓடவிட்டுக் கோளாறை வரவழையுங்கள். ஒரு மல்டிமீட்டர், ஒரு பழைய பிளக், ஒரு ஜம்பர் ஒயர், தீயணைப்புக் குப்பி போதும்.

அணைந்த உடனே செய்ய வேண்டியது இது.

முதல் சிலிண்டர் பிளக்கின் ஒயரை உருவி, பழைய பிளக்கில் மாட்டி, அதன் உடம்பை ஜம்பர் ஒயரால் எஞ்சினோடு இணையுங்கள். ஒருவர் ஸ்டார்ட்டர் அடிக்கட்டும். வெயிலில் ஸ்பார்க் கண்ணுக்குத் தெரியாது, கையால் நிழல் கொடுத்துப் பாருங்கள். தடித்த நீல ஸ்பார்க் வந்தால் இக்னிஷன் பக்கம் சரி. மஞ்சளாக மெலிந்தாலோ வரவே இல்லையென்றாலோ கோளாறு அங்கேதான். பெட்ரோல் வாடை அடித்தால் இதைச் செய்யவே வேண்டாம்.

அடுத்து, சோக் இழுத்து 10 விநாடி ஸ்டார்ட்டர் அடித்துவிட்டு ஒரு பிளக்கைக் கழற்றிப் பாருங்கள். ஈரமாக, பெட்ரோல் வாடையோடு இருந்தால் பெட்ரோல் வந்துகொண்டிருக்கிறது. காய்ந்து கிடந்தால் வரவில்லை. கார்புரேட்டருக்குப் போகும் ஹோஸைக் கழற்றிப் பார்க்க வேண்டாம். புகை வெளியேறும் சூடான எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டு நேர் கீழே இருக்கிறது, சிந்துகிற பெட்ரோல் அதன் மேல்தான் விழும்.

டேங்க் மூடியையும் திறங்கள். புஸ்ஸென்று காற்று உள்ளே இழுத்தால் காற்றுவழி அடைத்திருக்கிறது. டேங்கில் வெற்றிடம் உண்டாகி பெட்ரோல் வராமல் போவதற்கு அதுவே போதும்.

உட்லண்ட்ஸ்_எஸ்யூ:
சோதனை வரிசை சரி. ஆனால் ஆவியாவதை அவ்வளவு எளிதில் ஒதுக்க வேண்டாம். மினியில் கார்புரேட்டர் எஞ்சினுக்குப் பின்னால், எக்ஸாஸ்ட்டுக்கு மேலே இருக்கிறது. மெக்கானிக்கல் பம்பும் பிளாக்கின் பின்பக்கம்தான். வண்டி ஓடும்போது கிரில் வழியாகக் காற்று வருகிறது, நெரிசலில் அதுவும் நின்றுவிடும். பக்கவாட்டு ரேடியேட்டரின் விசிறி காற்றைச் சக்கர வளைவுக்குள்தான் தள்ளும், கார்புரேட்டருக்கு அதனால் ஒரு பயனும் இல்லை. வெப்பமுள் நடுவில் நிற்பது தண்ணீரின் சூட்டைத்தான் காட்டும், பானெட்டுக்குள் இருக்கும் சூட்டை அல்ல.

அணையும் விதத்தைக் கவனியுங்கள். பெட்ரோல் குறைந்தால் எஞ்சின் இருமும், இழுவை குறையும், சோக்கை இழுத்தால் கொஞ்ச நேரம் தாங்கும். இக்னிஷன் போனால் சாவியைத் திருப்பியதுபோல் பட்டென்று நிற்கும். எஞ்சின் சுற்றும் வேகத்தைக் காட்டும் டேக்கோமீட்டர் மாட்டியிருந்தால், வண்டி கியரில் உருண்டுகொண்டிருக்கும்போதே முள் பூஜ்யத்துக்கு விழுகிறதா பாருங்கள். விழுந்தால் காயிலின் கீழ்மின்னழுத்தப் பக்கம்தான் துண்டாகிறது.

எலக்ட்ரிக் பம்ப் மட்டும் வேண்டாம். எஸ்யூ கார்புரேட்டரில் பெட்ரோல் வரத்தை அடைக்கும் மிதவை ஊசி சுமார் 3 பிஎஸ்ஐக்கு மேல் தாங்காது. அதிக அழுத்தமுள்ள பம்ப் போட்டால் மிதவைத் தொட்டி வழிந்து பெட்ரோல் எக்ஸாஸ்ட் மேல் விழும்.

ஈசூன்_ஸ்பானர்:
ஸ்பார்க் இல்லையென்றால் அதே சூட்டில் இவற்றையும் அளந்துவிடுங்கள். இக்னிஷன் ஆன், பாயின்ட் மூடிய நிலையில் காயில் பிளஸ்ஸில் எத்தனை வோல்ட், மைனஸ்ஸில் எத்தனை. பிறகு சாவியை அணைத்து, காயில் ஒயர்களைக் கழற்றி, பிளஸ்ஸுக்கும் மைனஸ்ஸுக்கும் இடையே எத்தனை ஓம். மீட்டரின் இரண்டு முனைகளையும் ஒன்றோடொன்று தொடவைத்து வரும் எண்ணைக் கழித்துக்கொள்ளுங்கள். இவ்வளவு சிறிய ஓமில் மீட்டர் ஒயரே 0.2, 0.3 சேர்த்துக் காட்டும். பிளஸ்ஸுக்கு வரும் ஒயரின் நிறத்தையும் எழுதுங்கள்.

தெம்பனிஸ்_மினி:
ஒர்க்‌ஷாப்பிலேயே கோளாறு வந்தது. பிளக்கில் ஸ்பார்க் இல்லை. கழற்றிய பிளக் நன்றாக நனைந்திருந்தது. டேங்க் மூடியில் சத்தம் எதுவும் இல்லை. காயில் கைவைக்க முடியாத சூடு.

பிளஸ்ஸில் 11.9 வோல்ட், மைனஸ்ஸில் 0.4. மீட்டர் 1.7 ஓம் காட்டியது, முனைகளுக்கு 0.2 கழித்தால் 1.5. பிளஸ்ஸுக்கு ஒரே ஒரு வெள்ளை ஒயர்தான் வருகிறது. பாயின்ட்டின் முகம் நீலம் பாய்ந்து குழி விழுந்திருக்கிறது. புதிதாகப் போட்ட பாயின்ட் இவ்வளவு சீக்கிரம் இப்படி ஆகுமா?

ஈசூன்_ஸ்பானர்:
ஆகும். உங்கள் எண்களிலேயே பதில் இருக்கிறது.

1.5 ஓம் காயில் என்பது பாலஸ்ட் காயில். மின்தடை ஒன்றோடு தொடரில் ஓடுவதற்காகச் செய்தது. அப்படிப்பட்ட வண்டியில் காயில் பிளஸ்ஸுக்கு இளஞ்சிவப்பு-வெள்ளைத் தடை ஒயர் ஒன்றும், ஸ்டார்ட்டர் சொலினாய்டிலிருந்து வெள்ளை-மஞ்சள் ஒயர் ஒன்றும் வரும். பாயின்ட் மூடியிருக்கும்போது பிளஸ்ஸில் 6 வோல்ட் அளவுக்கு இறங்கும். உங்களுடையதில் வெறும் வெள்ளை ஒயர், 11.9 வோல்ட். அதாவது தடையே இல்லாத வண்டியில் பாலஸ்ட் காயிலை மாட்டியிருக்கிறார்கள்.

ஆல்டர்னேட்டர் 13.5 வோல்ட் கொடுக்கும்போது 3 ஓம் காயில் 4.5 ஆம்பியர் இழுக்கும், 1.5 ஓம் காயில் 9 ஆம்பியர் இழுக்கும். காயிலுக்குள் பிறக்கும் சூடு இரட்டிப்பு, அவ்வளவு மின்சாரமும் பாயின்ட் வழியாகத்தான் போக வேண்டும். முகம் கருகியதற்கு இதுதான் காரணம். மைனஸ்ஸில் 0.4 வோல்ட் நிற்பதும் அதன் அறிகுறி. நல்ல பாயின்ட்டில் 0.2க்குக் கீழே இருக்கும்.

நெரிசலில் மட்டும் ஏன்? வேகமாகச் சுற்றும்போது ஒவ்வொரு முறையும் பாயின்ட் மூடியிருக்கும் நேரம் மிகக் குறைவு. காயிலில் மின்சாரம் முழு அளவை எட்டுவதற்குள் பாயின்ட் திறந்துவிடும். மெதுவாகச் சுற்றும்போது ஒவ்வொரு தடவையும் முழு 9 ஆம்பியரை எட்டும். சூடு அதிகமாகப் பிறப்பதும் அப்போதுதான், ஆற்றக் காற்று இல்லாததும் அப்போதுதான். இன்னொன்று, எஞ்சின் அணைந்தபின் சாவியை ஆனில் விட்டு உட்கார்ந்திருக்காதீர்கள். பாயின்ட் மூடிய நிலையில் நின்றிருந்தால் காயில் வெந்துகொண்டே இருக்கும்.

செய்ய வேண்டியது: 3 ஓம் காயில், புதிய பாயின்ட், புதிய கண்டென்சர். காயிலைக் கடையிலேயே மீட்டர் வைத்து அளந்து வாங்குங்கள், பெட்டியில் எழுதியதை நம்ப வேண்டாம். இருக்கும் காயிலையே வைத்துக்கொண்டு 1.5 ஓம் பீங்கான் மின்தடை ஒன்றைத் தொடரில் போடவும் முடியும். ஆனால் அது நன்றாகச் சுடும், ஒயர்களை விட்டு விலக்கி உலோகத்தில் மாட்ட வேண்டும், ஸ்டார்ட் செய்யும்போது அதைத் தாண்டிப்போக ஒரு ஒயரும் வேண்டும். இவ்வளவு வேலைக்கு 3 ஓம் காயிலே மேல்.

காயில் இப்போது எஞ்சின் மேல் பிடித்திருந்தால், அதை உள்-விங்குக்கு (எஞ்சின் அறையின் பக்கவாட்டுத் தகடு) மாற்றுவதும் நல்லது.

ஜூரோங்_998:
காயில் முதல் காரணம் என்பதில் சந்தேகமில்லை. ஆனால் 45டி4ஐ மூடுவதற்கு முன் உள்ளே மூன்று இடம் பாருங்கள், மூன்றுமே சூட்டில் விட்டுவிட்டு ஏமாற்றுபவை.

முதலாவது, அடித்தட்டுக்கு எர்த் கொடுக்கும் குட்டி ஒயரும், வெளியிலிருந்து வரும் வெள்ளை-கறுப்பு ஒயரின் கடைசிப் பகுதியும். வேக்வம் அட்வான்ஸ் (எஞ்சினின் உறிஞ்சலால் ஸ்பார்க் நேரத்தை மாற்றும் அமைப்பு) தட்டை அசைக்க அசைக்க இந்த ஒயர்கள் உறைக்குள்ளேயே அறுந்துபோகும், வெளியே பார்த்தால் தெரியாது. லேசாக இழுத்துப் பாருங்கள். ரப்பர்போல் நீண்டால் உள்ளே செம்பு இல்லை.

இரண்டாவது, ரோட்டார் ஆர்ம், அதாவது உள்ளே சுற்றி ஒவ்வொரு பிளக் ஒயருக்கும் ஸ்பார்க்கைக் கொடுக்கும் கை. மேலே ஆணி அடித்த கறுப்பு ரோட்டார்களில் சில, சூட்டில் ஆணி வழியாகத் தண்டுக்கு மின்சாரத்தைக் கசியவிடும். மூடியைக் கழற்றி, காயிலிலிருந்து வரும் தடித்த ஒயரின் முனையை, உறைபோட்ட இடுக்கியால் ரோட்டாரின் நடுப் பித்தளைக்கு 5 மி.மீ. மேலே பிடித்து, இக்னிஷன் ஆனில் பாயின்ட்டைத் திறந்து மூடுங்கள். ஸ்பார்க் ரோட்டாருக்குள் பாய்ந்தால் அது செத்தது. ஆணியில்லாத சிவப்பு ரோட்டார் போடுங்கள்.

மூன்றாவது, கண்டென்சர். இந்த இனத்துக்கு 0.18 முதல் 0.25 மைக்ரோஃபாரட் வரை இருக்க வேண்டும். முடி உலர்த்தியால் சூடாக்கிவிட்டு அளங்கள், ஆறியபோது சரியாகக் காட்டுவது சூட்டில் விழுந்துவிடும். இப்போது கிடைப்பவற்றின் தரத்தை நம்பி டிஸ்ட்ரிபியூட்டருக்குள் வைப்பதைவிட, வெளியே காயில் பிடிப்பில் மாட்டி, அதன் ஒயரைக் காயில் மைனஸ்ஸில் இணைப்பது என் தேர்வு. உடம்புக்கு எர்த் கிடைக்க வேண்டும், பெயின்ட்டைச் சுரண்டிவிடுங்கள்.

தெம்பனிஸ்_மினி:
3 ஓம் காயில் வாங்கியாயிற்று, ஆணியில்லாத ரோட்டாரும் கிடைத்தது. எர்த் ஒயர் உண்மையிலேயே நீண்டது, மாற்றிவிட்டேன். பாயின்ட் இடைவெளி, டைமிங் (ஸ்பார்க் விழும் நேரம்) இரண்டில் எதை முதலில் வைப்பது?

ஜூரோங்_998:
எப்போதும் பாயின்ட் முதலில். இடைவெளி மாறினால் டைமிங்கும் மாறும். இடைவெளி கூடினால் பாயின்ட் சீக்கிரம் திறந்து டைமிங் முன்னேறும்.

நான்கு பிளக்கையும் கழற்றி, நாலாம் கியரில் போட்டு, வண்டியை மெல்லத் தள்ளினால் எஞ்சின் எளிதாகச் சுற்றும். பாயின்ட்டின் குதி, அதைத் தள்ளித் திறக்கும் கேமின் உச்சியில் நிற்கும்போது இடைவெளி 0.35 முதல் 0.40 மி.மீ. 0.38 ஃபீலர் (இடைவெளி அளக்கும் தகடு) லேசாக உரசிக்கொண்டு போக வேண்டும். திருகை இறுக்கியபின் மறுபடி அளங்கள், இறுக்கும்போது நகரும். புதிய பாயின்ட்டின் முகத்தில் இருக்கும் எண்ணெய்ப் பூச்சைத் துடைத்துவிட்டு மாட்டுங்கள். கேமில் கடுகளவு கிரீஸ் போதும். பாயின்ட் மூடியிருக்கும் கோணத்தைக் காட்டும் டுவெல் மீட்டர் இருந்தால் 45டி4க்கு 51 டிகிரி, 5 கூடலாம் குறையலாம்.

பாயின்ட்டின் ஸ்பிரிங்கை அதன் தூணில் மாட்டும்போது பிளாஸ்டிக் காப்புத் துண்டு சரியாக உட்கார்ந்திருக்கிறதா என்று பாருங்கள். பாயின்ட் மாற்றிய பின் வண்டி கிளம்பவே இல்லையென்றால் பெரும்பாலும் இங்கேதான் எர்த் தட்டியிருக்கும்.

டைமிங் டிகிரியை டிஸ்ட்ரிபியூட்டர் உடம்பில் அச்சடித்த எண்ணைப் பார்த்துக் கையேட்டிலிருந்து எடுங்கள், எல்லா 998க்கும் ஒன்றல்ல. வேக்வம் குழாயைக் கழற்றி அடைத்துவிட்டு வையுங்கள். எரியும் வரிசை 1-3-4-2, ரோட்டார் சுற்றுவது இடஞ்சுழி. பிளக் இடைவெளி 0.65 மி.மீ. பின்தங்கிய டைமிங்கும் எஞ்சினைச் சூடாக்கும், இதில் அவசரப்படாதீர்கள்.

உட்லண்ட்ஸ்_எஸ்யூ:
கார்புரேட்டருக்கும் மேனிஃபோல்டுக்கும் நடுவே தடித்த காப்புத் துண்டு இருக்கிறதா, கீழே வெப்பத் தகடு இருக்கிறதா என்பதையும் கையோடு பார்த்துவிடுங்கள். ஹோஸ் எக்ஸாஸ்ட்டைத் தொடாமல் போக வேண்டும். பழைய ரப்பரை மாற்றுவதானால் எஸ்ஏஈ ஜே30 ஆர்9 என்று அச்சடித்ததை வாங்குங்கள். கிளாசிக் திட்டத்தில் (பழைய வண்டிகளை ஆண்டில் குறிப்பிட்ட சில நாள் மட்டும் ஓட்டவிடும் திட்டம்) உள்ள வண்டிகள் நீண்ட நாள் நிற்கும், பழைய ஹோஸ் அப்போது உள்ளிருந்தே விரிசல் விடும். கார்புரேட்டர் உச்சியிலுள்ள டாஷ்பாட்டின் எண்ணெய் உள்தண்டின் விளிம்புக்கு 13 மி.மீ. மேலே நிற்கட்டும்.

தெம்பனிஸ்_மினி:
எல்லாம் மாட்டியாயிற்று. அதே ஒர்க்‌ஷாப்பில் பானெட்டை மூடி ஒரு மணி நேரத்துக்கு மேல் ஓடவிட்டோம், அணையவில்லை. காயில் சுடுகிறது, ஆனால் கைவைத்து எடுக்க முடிகிறது. காயில் மைனஸ்ஸில் இப்போது 0.1 வோல்ட். நெரிசலிலும் நிற்கவில்லை. மூவருக்கும் மிக்க நன்றி.

ஒரு கடைசிக் கேள்வி. டிஸ்ட்ரிபியூட்டர் கிரில்லுக்கு நேர் பின்னால் இருக்கிறது. டிசம்பர் மழைக்கு என்ன செய்வது?

ஜூரோங்_998:
டிஸ்ட்ரிபியூட்டரையும் பிளக் ஒயர்களையும் சேர்த்து மூடும் ரப்பர் உறை கிடைக்கும், அதைப் போடுங்கள். அதன் அடிப்பக்கம் திறந்தே இருக்க வேண்டும், முழுக்க அடைத்தால் உள்ளே வியர்த்து அதுவே நனைத்துவிடும். மூடிக்குள் மயிரிழை போன்ற கருங்கோடு தெரிந்தால் சுரண்டிப் பயனில்லை, மூடியை மாற்றுங்கள். ரேடியேட்டர் முன்னால் இல்லாததால், டிஸ்ட்ரிபியூட்டருக்கு நேரே கிரில்லின் பின்பக்கம் ஒரு சிறிய தகடு வைத்தாலும் தண்ணீர் நேரே அடிப்பது நிற்கும். முழு கிரில்லையும் அடைத்துவிடாதீர்கள், எஞ்சினுக்கு வரும் காற்றே அந்த வழியாகத்தான்.