வேலூருக்கும் எண்ணூருக்கும் ஒரே கூலிங் வெஸ்ட் போதுமா?

சைட்_இன்சார்ஜ்:
வேலூரில் ஒரு சைட், எண்ணூரில் ஒரு சைட். இடத்துக்குப் பத்துப் பேர், கம்பி கட்டும் வேலை, சென்ட்ரிங் வேலை. தண்ணீரில் நனைத்துப் போடும் வெஸ்ட்டை இருபது பேருக்கும் வாங்கலாமா? ஜெல் பேக் வைத்தது, ஃபேன் வைத்தது என்றும் கடையில் காட்டுகிறார்கள். சைட்டில் ஃப்ரிட்ஜ் கிடையாது, ஐஸ் பெட்டி வைக்கலாம்.

ஈரக்குமிழ்:
வேலூருக்கு வாங்குங்கள், எண்ணூருக்கு வேண்டாம். நனைத்த துணி, தண்ணீர் ஆவியாவதால் எட்டக்கூடிய மிகக் குறைந்த அளவான ஈரக்குமிழ் வெப்பநிலைக்குக் கீழே குளிராது. வேலூரில் 40 டிகிரி வெயிலில் ஈரப்பதம் 25 சதவீதம் என்றால் அது சுமார் 24 டிகிரி. எண்ணூரில் 36 டிகிரி, 65 சதவீதம் என்றால் 30. தோலோ ஏறத்தாழ 35 டிகிரியில் இருக்கிறது, அங்கே வித்தியாசம் ஐந்துதான். போதாததற்கு ஈர வெஸ்ட் உள்ளே வியர்வை உலர்வதையும் தடுக்கும்.

அந்த அளவைச் சைட்டிலேயே பார்க்க, சாதாரண தெர்மாமீட்டரின் குமிழில் ஈரப் பருத்தித் துணி சுற்றி, நிழலில் ஐந்து நிமிடம் விசிறுங்கள். அளவு இறங்கி 26க்குக் கீழே நின்றால் வாங்கலாம். 28 தாண்டினால் பணம் வீண் என்பது என் கணக்கு.

போர்வெல் தண்ணீரில் நனைத்தால் உப்பு படிந்து துணி விறைக்கும், ஆவியாவது குறையும். வாரம் ஒருமுறை நல்ல தண்ணீரில் அலசுங்கள். மேலே முழுத்துணி ரிஃப்ளெக்டர் ஜாக்கெட் போட்டால் காற்றே புகாது, வலை ரகம் எடுங்கள்.

உருகுநிலை:
எண்ணூருக்கு நீங்கள் சொன்ன ஜெல் பேக் மாதிரி, உறைய வைத்துப் போட்டால் உடம்புச் சூட்டை இழுத்து உருகும் பேக் வைத்த வெஸ்ட்தான். 21 டிகிரியில் உருகும் ரகம் கேளுங்கள். 28 டிகிரி ரகத்துக்கு ஐஸ் வேண்டாம் என்பார்கள். மே மாதத்தில் டேங்க் தண்ணீரே 30க்கு மேல் இருக்கும், பேக் உறையாது.

ஆளுக்கு 2 கிலோ பேக், உருகும்போது கிலோவுக்கு 200 கிலோஜூல் வெப்பம் இழுக்கும் என்றால் மொத்தம் 400. உடம்பிலிருந்து 60 வாட் இழுத்தால் இரண்டு மணி நேரத்துக்குச் சற்றுக் குறைவு. வெளி வெப்பமும் பங்கு போடும் என்பதால் ஒன்றேகால் மணி நேரம் என்றே திட்டமிடுங்கள். பத்துப் பேரின் பேக்கை ஒருமுறை உறைய வைக்கக் கணக்குப்படி 14 கிலோ ஐஸ் போதும். பெட்டியில் வீணாவதையும் சேர்த்து 25 கிலோ வாங்குங்கள். மாற்ற இரண்டாவது செட் அவசியம். தட்டையாகப் படுக்கவைத்தே உறைய விடுங்கள். மடித்து உறைந்தால் முதுகில் ஒட்டாது. மெழுகு நிரப்பிய பேக் தீப்பிடிக்கும், வெல்டிங் பக்கம் கொண்டுபோகக் கூடாது.

ஃபேன் ஜாக்கெட் ஜப்பானில் சாதாரணம். ஆனால் உயரத்தில் வேலை செய்பவர் மேலே பாதுகாப்பு பெல்ட் கட்டினால் காற்று வழி நசுங்கிவிடும், கயிறு வெளியே வர முதுகில் திறப்புள்ள ரகம் வேண்டும். கிரைண்டிங் பொறியும் சிமெண்ட் தூசியும் உள்ளே இழுக்கப்படும் இடத்தில் தவிருங்கள்.

சைட்_இன்சார்ஜ்:
வெஸ்ட் கொடுத்தால் இடைவேளையைக் குறைக்கலாமா?

ஈரக்குமிழ்:
கூடாது சார். கடும் வேலையில் உடம்பு 300, 400 வாட் வெப்பம் உண்டாக்குகிறது, வெஸ்ட் எடுப்பது அதில் ஒரு பங்குதான். சிங்கப்பூரில் 2023 முதல், வெயில், ஈரப்பதம், காற்று எல்லாம் சேர்த்து அளக்கும் டபிள்யூபிஜிடி 32 ஆனால் கடும் வேலைக்கு மணிக்குப் பத்து நிமிடமும், 33 ஆனால் பதினைந்து நிமிடமும் நிழலில் ஓய்வு கட்டாயம். அதையே வையுங்கள். புதிதாக வந்தவருக்கு முதல் நாள் ஐந்தில் ஒரு பங்கு நேரம்தான் வெயில் வேலை, பிறகு தினமும் அதே அளவு கூட்டலாம். யாராவது பேச்சுக் குழறினால் வெஸ்ட்டைக் கழற்றி, உடம்பெல்லாம் தண்ணீர் ஊற்றி விசிறிக்கொண்டே 108ஐ அழையுங்கள்.