சூழல் மாறியை மாற்றியும் டேட்டாபேஸ் பழைய கடவுச்சொல்லையே கேட்கிறது

நண்பர்களே, பெங்களூரு அல்சூரில் எங்கள் சிறு தமிழ் நூலகத்தின் புத்தகப் பட்டியலை டாக்கர் கம்போஸில் (நிரல்களைக் கன்டெய்னர் எனும் தனித்தனிப் பெட்டிகளில் இயக்கும் கருவி) இயக்குகிறேன். உபுண்டு 22.04, டேட்டாபேஸ் போஸ்ட்கிரஸ் 16. தன்னார்வலர் ஒருவர் விலகியதால், சனிக்கிழமை சூழல் மாறிகளை எழுதிவைக்கும் என்வி கோப்பில் டேட்டாபேஸ் கடவுச்சொல்லை மாற்றினேன். அன்றிலிருந்து செயலியால் உள்ளே நுழைய முடியவில்லை; கடவுச்சொல் தவறு என்றே பிழைச்செய்தி வருகிறது.

வெறும் ரீஸ்டார்ட் புதிய மதிப்பை எடுக்காது என்பதால், செயலி, டேட்டாபேஸ் ஆகிய இரண்டு கன்டெய்னர்களையும் நீக்கி மறுபடி உருவாக்கினேன். ஷெல்லில் (கட்டளை தட்டும் சாளரத்தில்) அதே பெயரில் வேறு மதிப்பு இருந்தால் அது கோப்பை முந்திக்கொள்ளும். தேடிப் பார்த்தேன், இல்லை. கம்போஸ் வேறொரு மாறியாக எடுத்துக்கொள்ளக்கூடிய டாலர் குறியும் கடவுச்சொல்லில் கிடையாது. இரண்டு கன்டெய்னர்களுக்குள்ளும் சூழல் மாறிகளைக் காட்டும் பிரின்ட்என்வி கட்டளை புதிய கடவுச்சொல்லைத்தான் காட்டுகிறது. ஆனால் செயலியில் பழையதைப் போட்டால் உடனே திறக்கிறது! டேட்டாபேஸ் கன்டெய்னருக்குள்ளிருந்தே நுழைந்தாலோ கடவுச்சொல்லே கேட்பதில்லை.

தரவு, கன்டெய்னரை நீக்கினாலும் அழியாத தனிச் சேமிப்பிடமான வால்யூமில் இருக்கிறது. அதை அழித்துவிட்டுத் தொடங்கச் சொல்லாதீர்கள். அதில் இரண்டு ஆண்டு உழைப்பு இருக்கிறது. முதல்முறை வால்யூம் உருவானபோது பதிந்த கடவுச்சொல்தான் இன்னும் உள்ளே இருக்கிறது என்று சந்தேகிக்கிறேன்.

வால்யூமை அழிக்காமல் அந்தப் பழைய கடவுச்சொல்லைப் புதியதாக மாற்ற, டேட்டாபேஸுக்குள் நுழைந்து எந்தக் கட்டளையைக் கொடுக்க வேண்டும்?