ராத்திரியை வரைகிறவர்கள் யாராவது இருக்கிறீர்களா?

அண்ணாச்சிமாரே, அக்காமாரே, ஒரு உதவி. பாளையங்கோட்டையில் நண்பர்கள் நாலு பேர் சேர்ந்து 'இரவு' என்ற தலைப்பில் ஓவியக் கண்காட்சி வைக்கிறோம், வருவதை எல்லாம் மாட்டிவிடாமல் மூன்று நடுவர்கள் பார்த்துத் தேர்ந்தெடுப்பார்கள். இதுவரை வந்ததில் பாதிக்கு மேல் முழுநிலா, கோபுரம். நன்றாகத்தான் இருக்கின்றன, ஆனால் நம்ம ஊர் ராத்திரி அவ்வளவுதானா? சுலோச்சன முதலியார் பாலத்து விளக்கு தாமிரபரணியில் விழுந்து நெளிவது, கடைசி பஸ்ஸை விட்டுவிட்டு ஜங்ஷனில் பையைத் தலைக்கு வைத்துப் படுத்திருப்பவர், கரண்ட் போன வீட்டில் செல்போன் வெளிச்சத்தில் பீடி சுற்றும் கை, இதையெல்லாம் வரைகிற ஆள் தெரிந்தால் தகவல் சொல்லுங்கள்.

அப்புறம் இன்னொன்று. இருட்டுப் படத்தை ஃபிளாஷ் போட்டு எடுத்து அனுப்புகிறார்கள், வார்னிஷ் பளபளத்து நடுவில் ஒரு வெள்ளைத் திட்டு, நடுவர் எதைப் பார்ப்பார்? இருபக்கமும் 45 டிகிரியில் விளக்கு வைத்து எடுக்கச் சொன்னேன், அப்படியும் செல்போன் தானாக வெளிச்சத்தைக் கூட்டி கறுப்பைச் சாம்பலாக்கிவிடுகிறது. போட்டோகிராபர்கள் யாராவது எளிய வழி சொல்லுங்களேன்.

கட்டணம் கிடையாது, திருக்கார்த்திகை வரை அனுப்பலாம். தேர்வாகாதவர்களுக்கும் காரணம் எழுதி அனுப்புவோம், அல்வா கொடுக்க மாட்டோம்.