கேம் விளையாட பழைய கம்ப்யூட்டர்: வாங்கலாமா, வேண்டாமா?

மன்னார்குடி:

அக்கா மகன் பிளஸ் டூ முடித்துவிட்டான். ரிசல்ட் வந்த நாளிலிருந்து ஒரே பாட்டு, கேமிங் கம்ப்யூட்டர் வேண்டும் என்று. வாலரன்ட், ஜிடிஏ ஃபைவ், கொஞ்சம் கிரிக்கெட், அவ்வளவுதான் அவன் ஆசை. குறுவைக்கு விதை, உரம், உழவு என்று செலவு வரிசையில் நிற்கிற நேரம். 25,000 ரூபாய்க்கு மேல் அத்தான் அசைய மாட்டார். தஞ்சாவூரில் ஒரு கடையில் ஐ7 பிராசசர், 16 ஜிபி ரேம், 4 ஜிபி கிராபிக்ஸ் கார்டு, கண்ணாடி கேபினட், கலர் லைட்டோடு 23,000 சொல்கிறார்கள். மதர்போர்டுக்கு ஒரு வருஷம் வாரன்டியும் உண்டாம். பையன் லைட்டைப் பார்த்ததிலிருந்து சாப்பாட்டையே மறந்துவிட்டான். பழையதில் வாங்கியவர்கள், பார்த்துவிட்டு விட்டுவிட்டு வந்தவர்கள், இருந்தால் சொல்லுங்கள்.

கும்பகோணம்:

அண்ணே, ஐ7 என்பதோடு நிறுத்திக்கொண்டார்களா, எத்தனையாவது தலைமுறை என்று சொன்னார்களா? அதை முதலில் கேளுங்கள். என் தம்பிக்காக இதே மாதிரி ஒன்றைப் பார்க்கப் போயிருந்தேன். கடைக்காரர் நல்ல மனுஷர்தான், டீயெல்லாம் வாங்கிக் கொடுத்தார். டாஸ்க் மேனேஜரைத் திறந்து பெர்ஃபார்மன்ஸ் பக்கம் போனால் பிராசசர் பெயர் மேலேயே இருக்கும். ஐ7-2600 என்று இருந்தது. 2011-இல் வந்த சரக்கு அது. போர்டு எச்61, அந்தக் காலத்து பிராசசருக்கான மாடல். இந்த எச்61 போர்டை இன்றைக்கும் புதிதாகச் செய்து, அட்டைப் பெட்டியில் போட்டு விற்கிறார்கள். அதனால் ‘போர்டு புதுசு, வாரன்டி உண்டு’ என்று அவர் சொன்னதில் பொய்யே கிடையாது. பழைய டிராக்டருக்குப் புது பெயின்ட் அடித்த கதைதான். உள்ளே இருக்கிற பிராசசருக்கு வாரன்டி யார் தருவது?

ஐ7-2600-க்கும் பன்னிரண்டாம் தலைமுறை ஐ3-12100எஃப்-க்கும் நான்கு கோர் (பிராசசருக்குள் கணக்குப் போடுகிற பகுதி), எட்டு திரெட் (ஒரே நேரத்தில் பார்க்கிற வேலை), இரண்டும் ஒன்றுதான். ஆனால் ஒரு கோரின் வேகத்தில் அந்த ஐ3 ஏறக்குறைய இரண்டு மடங்கு. இதைச் சொன்னால் பலருக்கு நம்பிக்கையே வராது, 7 பெரியதா 3 பெரியதா என்றுதான் பார்ப்பார்கள். தவிர, கணக்கை வேகமாகப் போட உதவுகிற ஏவிஎக்ஸ்2 என்கிற வசதி இன்டெலில் நான்காம் தலைமுறையிலிருந்துதான் இருக்கிறது. அது இல்லையென்றால் சில புது கேம்கள் திறக்கவே திறக்காது.

உங்கள் பையன் வாலரன்ட் என்கிறான். அதுதான் இங்கே பெரிய சங்கதி. விண்டோஸ் 11-இல் அந்த கேம் ஓட டிபிஎம் 2.0 என்கிற பாதுகாப்பு சிப்பும், ஆன் செய்யும்போது கள்ள சாஃப்ட்வேர் நுழையாமல் தடுக்கிற செக்யூர் பூட்டும் வேண்டும். மைக்ரோசாஃப்ட் கணக்கில் விண்டோஸ் 11-க்கு இன்டெல் எட்டாம் தலைமுறையிலிருந்துதான் அனுமதி. கடைக்காரர்கள் ஏதாவது செய்து பழைய மெஷினிலும் 11-ஐ ஏற்றிவிடுவார்கள். டெஸ்க்டாப் அழகாக வரும், யூடியூப் ஓடும், வாலரன்ட் மட்டும் எரர் காட்டிவிட்டு மூடிக்கொள்ளும். விண்டோஸ் 10-க்குத் திரும்பிப் போகலாமே என்றால், அதற்கான சாதாரண ஆதரவு 2025 அக்டோபர் 14-ஓடு முடிந்துவிட்டது. கடையிலேயே சிஸ்டம் இன்ஃபர்மேஷனைத் திறந்து செக்யூர் பூட் ஆன் என்று இருக்கிறதா பாருங்கள். அப்புறம் அந்த கேமையே போட்டு ஒரு மேட்ச் ஆடிக் காட்டச் சொல்லுங்கள். நெட் இல்லை என்பார்கள். உங்கள் போன் ஹாட்ஸ்பாட்டைக் கொடுங்கள்.

திருவாரூர்:

கார்டைப் பற்றி நான் சொல்கிறேன். ஆன்லைன் விளம்பரம் பார்த்து ஒருவர் வீட்டுக்குப் போனேன், ஜிடிஎக்ஸ் 1050 டிஐ, 4 ஜிபி என்று போட்டிருந்தார். விண்டோஸிலும் அந்தப் பெயர்தான் வந்தது. பென் டிரைவில் கார்டு அசலா என்று காட்டுகிற ஜிபியு-இசட் சாஃப்ட்வேர் வைத்திருந்தேன், ஓடவிட்டால் பெயருக்கு முன்னால் ஃபேக் என்று அடைப்புக்குறிக்குள் வந்து நின்றது. மிகப் பழைய கார்டின் பயாஸை, அதாவது கார்டுக்குள்ளேயே பதிந்திருக்கிற சாஃப்ட்வேரை, மாற்றி எழுதி, புதுப் பெயர் சூட்டி விற்பது ரொம்ப நாளாக நடக்கிறது. அவரும் யாரிடமோ வாங்கியவர்தான். என்னைவிட அவர் முகம்தான் வாடிப்போனது.

அசல் 1050 டிஐ-யாகவே இருந்தாலும் எனக்கு இப்போது யோசனைதான். அந்த வரிசைக்குப் புது கேம்களுக்கான டிரைவர் (கார்டை இயக்குகிற சாஃப்ட்வேர்) தருவதை, கார்டைச் செய்கிற என்விடியா 2025 அக்டோபரோடு நிறுத்திவிட்டது. 2028 வரை பாதுகாப்பு அப்டேட் மட்டும்தான். ஜிடிஎக்ஸ் 1650 அதற்கு அடுத்த தலைமுறை, இந்தக் கதையில் சிக்கவில்லை.

ஏஎம்டி கம்பெனியின் ஆர்எக்ஸ் 580 கார்டு என்று யாராவது நீட்டினால் 2048எஸ்பி-யா என்று கேளுங்கள். அசல் 580-இல் படம் வரைகிற ஷேடர் அலகு 2304 இருக்கும், இதில் பெயரிலேயே தெரிகிற மாதிரி 2048தான். கிட்டத்தட்ட ஒரு படி கீழே இருக்கிற 570 என்று வைத்துக்கொள்ளுங்கள். மைனிங்கில், அதாவது கிரிப்டோ காசு எடுக்க ராப்பகலாக, ஓடிய கார்டு என்றாலே சிலர் தலைதெறிக்க ஓடுவார்கள். நான் அப்படியில்லை. 2022 செப்டம்பரில் எத்தீரியம் என்கிற கிரிப்டோ காசின் மைனிங் நின்றபோது வந்து குவிந்த கார்டுகள் இன்னும் எத்தனையோ வீட்டில் ஓடுகின்றன. ஃபேன் சத்தமில்லாமல் சுற்றுகிறதா, அரை மணி நேரம் கனமான கேம் ஆடியும் சூடு கட்டுக்குள் இருக்கிறதா என்று பார்த்தால் போதும்.

நாகப்பட்டினம்:

எங்கள் பக்கம் வாங்குபவர்களுக்கு ஒன்று. பக்கவாட்டு மூடியைக் கழற்றச் சொல்லி, பின்பக்க ஸ்க்ரூவையும் யுஎஸ்பி ஓட்டையையும் டார்ச் அடித்துப் பாருங்கள். உப்புக் காத்து பட்டிருந்தால் துரு அங்கேதான் முதலில் தெரியும். கஜா புயல் சமயத்தில் தண்ணீரில் நின்ற மெஷினைக் காயவைத்து விற்றவர்களை நான் பார்த்திருக்கிறேன், போர்டின் ஓரத்தில் வெள்ளை வெள்ளையாகப் பூத்திருந்தது. அப்புறம் யுபிஎஸ் காசையும் பட்ஜெட்டில் சேருங்கள். 600 விஏ என்று எழுதியிருந்தாலும் பெரும்பாலும் 360 வாட்தான் தாங்கும்.

பட்டுக்கோட்டை:

எல்லோரும் பயமுறுத்தியாகிவிட்டது, வாங்கி ஓட்டுகிறவன் நான் சொல்கிறேன் தம்பி. ‘கேமிங்’ என்று பெயர் போட்டு விற்பதைத் தொடவே வேண்டாம். கம்பெனிகள் கழித்துவிடுகிற ஆபீஸ் மெஷின், டெல் ஆப்டிபிளெக்ஸ், எச்பி, லெனோவோ மாதிரி, அதை வாங்குங்கள். சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டில் நிறைய கிடைக்கும். நான் ஐ5-8500 எடுத்தேன், எட்டாம் தலைமுறை, ஆறு கோர், விண்டோஸ் 11-க்குத் தொந்தரவில்லை. கார்டு மட்டும் தனியாக 1650.

ஆனால் டவர் வாங்குங்கள். ஒல்லியான மாடலில் குட்டைக் கார்டுதான் நுழையும், அதற்கு விலை கூடுதல். கம்ப்யூட்டருக்கு மின்சாரம் தருகிற எஸ்எம்பிஎஸ் பெட்டியில் கார்டுக்கான தனி பவர் வயரும் பல ஆபீஸ் மெஷின்களில் இருக்காது, அதனால் போர்டில் கார்டைச் செருகுகிற ஸ்லாட்டிலிருந்தே 75 வாட் எடுத்து ஓடுகிற 1650-ஆகப் பார்த்து எடுக்க வேண்டும். 1650-லேயே ஆறு பின் உள்ள அந்தத் தனி வயரைக் கேட்கிற மாடலும் இருக்கிறது. ரேமும் இப்போது விலை ஏறிக் கிடக்கிறது, அப்புறம் போட்டுக்கொள்ளலாம் என்று நினைக்காமல் 16 ஜிபி இருப்பதாகவே எடுங்கள். ஆம்னி பஸ் டிக்கியில் போட்டுக் கொண்டுவருவதானால் கார்டைக் கழற்றித் துண்டில் சுற்றிக் கைப்பையில் வையுங்கள். குலுக்கலில் ஸ்லாட் பிய்ந்துவிடும்.

மன்னார்குடி:

எல்லோருக்கும் நன்றி. கடைக்குப் போய்ப் பார்த்தேன். மூன்றாம் தலைமுறை ஐ7. வாலரன்ட் போட்டுக் காட்டுங்கள் என்றேன், ‘சாயங்காலம் வாங்க சார்’ என்றார்கள். வந்துவிட்டேன். பையன் ஒரு நாள் முழுக்க என்னோடு பேசவில்லை.

இப்போது வல்லத்தில் ஒரு காலேஜ் பையன் படிப்பு முடிந்து ஊருக்குப் போகிறான், ஏஎம்டி ரைசன் 5 5600ஜி பிராசசர், 16 ஜிபி ரேம், 512 ஜிபி எஸ்எஸ்டி, மானிட்டரோடு 26,000 சொல்கிறான். தனிக் கார்டு கிடையாது. அவனே வாலரன்ட் ஆடிக் காட்டினான், தடங்கலில்லாமல் ஓடியது. பில்லும் வைத்திருக்கிறான்.

கும்பகோணம்:

எடுக்கலாம் அண்ணே. பிராசசருக்குள்ளேயே இருக்கிற கிராபிக்ஸ் வாலரன்டுக்குப் போதும், ஜிடிஏ ஃபைவ் செட்டிங்கைக் குறைத்து ஓடும். கார்டை அடுத்த வருஷம் பார்த்துக்கொள்ளலாம். பில்லில் உள்ள சீரியல் நம்பர் போர்டில் இருப்பதோடு ஒத்துப்போகிறதா பாருங்கள், எஸ்எஸ்டி எவ்வளவு தேய்ந்திருக்கிறது என்று கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ என்கிற சாஃப்ட்வேரில் ஒருமுறை பார்த்துவிடுங்கள். 23-க்குக் கேளுங்கள், 24-இல் முடிப்பான். ஊருக்குக் கிளம்புகிற அவசரம் அவனுக்குத்தான்.