கடவுநிலைச் செல்: நுரையீரல் சீராக்கத்துக்கு ஒரு கலைச்சொல் முன்மொழிவு

அன்புடையீர், வணக்கம்.

நுரையீரலின் நுண்ணறைகள் (காற்று நிரம்பும் மிகச் சிறிய பைகள்) காயப்பட்ட பின் தம்மைச் சீராக்கிக்கொள்ளும் போக்கில் நடுவே தோன்றி மறையும் செல்லுக்கு, இந்தக் கலைச்சொல் உரையாடல் இழையில் இதுவரை ‘இடைநிலைச் செல்’, ‘உருமாறு செல்’, ‘கெராட்டின்-8 செல்’ என்ற மூன்று பெயர்கள் முன்வைக்கப்பட்டுள்ளன. மூன்றையும் ஏற்கத் தடையாக எனக்குத் தோன்றும் காரணங்களைக் கூறி, ‘கடவுநிலைச் செல்’ என்ற சொல்லை முன்மொழிகிறேன். பெயரிடப்படும் பொருளின் இயல்பிலிருந்தே அச்சொல்லுக்கு வந்து சேர்ந்தேன் என்பதால், முதலில் பொருளைச் சொல்லிவிடுகிறேன்.

வளர்ந்த மனிதரின் நுரையீரலில் சராசரியாக 48 கோடி நுண்ணறைகள் இருப்பதாக 2004இல் வெளியான அளவீடு ஒன்று கூறுகிறது. அவற்றின் உட்பரப்பை இருவகைச் செல்கள் போர்த்தியுள்ளன. முதல்வகைச் செல் மிக மெல்லிய தகடாக விரிந்து, பரப்பில் ஏறத்தாழ 95 விழுக்காட்டை மூடுகிறது. காற்றுக்கும் குருதிக்கும் இடையே ஆக்சிஜன் ஊடுருவுவது இதன் வழியாகத்தான். இரண்டாம்வகைச் செல் கனசதுர வடிவில், எண்ணிக்கையில் மிகுந்தும் பரப்பில் குறைந்தும் அமர்ந்து, மூச்சை வெளிவிடும்போது நுண்ணறை சுருங்கி ஒட்டிக்கொள்ளாதவாறு பரப்பு இழுவிசையைக் குறைக்கும் நீர்மத்தைச் சுரக்கிறது. நைட்ரஜன் டை ஆக்சைடு வாயுவைச் சுவாசித்த எலிகளில், முதல்வகைச் செல்கள் மடிந்த இடங்களில் இரண்டாம்வகைச் செல்கள் பிளந்து பெருகி, வெறுமையான அடிச்சவ்வின் (செல்கள் அமரும் மெல்லிய படலத்தின்) மீது பரவி, தாமே முதல்வகைச் செல்களாக மாறுவதை 1970களிலேயே ஆய்வாளர்கள் கண்டனர். செல்லுக்கு மரபு அடையாளமிட்டு அதன் வழித்தோன்றல்களைப் பின்தொடரும் முறையில், இது 2013இல் சுண்டெலிகளில் உறுதிசெய்யப்பட்டது.

இந்த மாற்றம் ஒரே தாவலில் நிகழ்வதில்லை என்பதுதான் நமக்கு இங்கே முக்கியம். தனித்தனிச் செல்களின் ஆர்.என்.ஏ.வைப் படிக்கும் முறை வந்த பின், 2020இல் மூன்று ஆய்வுக் குழுக்கள், முதல்வகையும் அல்லாத, இரண்டாம்வகையும் அல்லாத ஒரு செல்நிலையைத் தனித்தனியே விவரித்தன. இந்நிலையில் உள்ள செல் சுரப்புப் பணியைக் கைவிட்டிருக்கும். முதல்வகையின் பணியை இன்னும் ஏற்றிருக்காது. கெராட்டின்-8 என்ற புரதம் அதில் மிகுந்து காணப்படும். பி53 என்ற காவல் புரதத்தின் செயற்பாடும் தழும்பாக்கத்தைத் தூண்டும் டி.ஜி.எஃப்-பீட்டா என்ற புரதத்தின் சமிக்ஞையும் ஓங்கியிருக்கும். கனசதுரமாக இருந்தது தகடாக நீள வேண்டியிருப்பதால் செல் பெரிதும் இழுபடுகிறது. அந்த இழுபாட்டில் அதன் டி.என்.ஏ. சேதமடையும் வாய்ப்பு மிகுதி என்று அக்குழுக்களில் ஒன்று காட்டியது. காயம் ஆறும் நுரையீரலில் இந்நிலை சில நாள்களில் கடந்துபோகிறது. நுரையீரல் தழும்பேறிக் கெட்டிப்படும் நோயில் இதையொத்த செல்கள் கடக்க முடியாமல் குவிந்துகிடக்கின்றன. கோவிட்-19 நோயால் இறந்தவர்களின் நுரையீரல்களை ஆய்ந்து 2021இல் வெளியான ஆய்வுகளும் அத்தகைய குவிதலைக் கண்டன.

ஆகவே நாம் தேடும் சொல் இரண்டு செய்திகளைத் தாங்க வேண்டும்: இது கடக்கப்பட வேண்டிய நிலை, கடக்கப்படாமல் போகவும் கூடும்.

‘இடைநிலை’ என்பது இரண்டுக்கும் நடுவே நிற்பதைச் சொல்கிறது, நகர்வைச் சொல்வதில்லை. அதோடு, வேதியியல் பாடநூல்களில் ‘இடைநிலைத் தனிமங்கள்’ வழியாக அச்சொல் வேறோர் இடத்தில் வேரூன்றிவிட்டது. ‘உருமாறு’ என்பதை இன்னும் உறுதியாக மறுக்கிறேன். பெருந்தொற்றுக் காலத்தில் ‘உருமாறிய கொரோனா’ என்று நாளிதழ்கள் நாள்தோறும் எழுதியதால், பொது வாசகர் அச்சொல்லைக் கேட்டவுடன் திடீர் மரபுமாற்றத்தையே நினைப்பார். நுரையீரலில் ‘உருமாறு செல்’ பெருகியுள்ளது என்று ஒரு நோயாளியிடம் சொன்னால், அவர் புற்றுநோய் என்று அஞ்சுவதற்கு எல்லா நியாயமும் உண்டு. உண்மையில் அவருடைய உடல் ஆற முயன்றுகொண்டிருக்கும் நிலையைத்தான் நாம் குறிக்கிறோம்.

‘கெராட்டின்-8 செல்’ என்பது அடையாளப் புரதத்தின் பெயரால் அமைந்தது. அப்புரதம் குடல், கல்லீரல் போன்ற உறுப்புகளின் எளிய மேலணிச் செல்களிலும் (ஒற்றை அடுக்காகப் பரப்பைப் போர்த்தும் செல்களிலும்) உள்ளது. நாளை இதைவிடத் துல்லியமான அடையாளம் கிடைத்தால் பெயர் பொருந்தாமல் போகும். (மனிதரின் பெயரை இடுவதிலும் இடர் உண்டு. மூச்சுச் சிறுகுழல்களின் கிளாரா செல்லுக்குப் பெயர் தந்த மாக்ஸ் கிளாரா நாஜிக் கட்சியைச் சேர்ந்தவர். அவருடைய ஆய்வுக்கு மரணதண்டனை பெற்றவர்களின் உடல்திசு பயன்பட்டது. அதனால் 2013 முதல் நுரையீரல் மருத்துவ இதழ்கள் பல அப்பெயரைக் கைவிடத் தொடங்கின.)

ஆங்கிலப் பெயர்களை அப்படியே பெயர்த்தாலும் சிக்கல் தீராது. மூன்று குழுக்களும் மூன்று பெயர்கள் இட்டன. ஒரு பெயர் இச்செல்லை முதல்வகைக்கு முந்தியது என்கிறது. மற்றொன்று சேதத்தோடு தொடர்புடைய தற்காலிக முன்னோடி என்கிறது. மனித இரண்டாம்வகைச் செல்கள் சில சூழல்களில் முதல்வகையாகாமல், மூச்சுக்குழலின் அடித்தளச் செல்லை ஒத்த வடிவத்துக்கு மாறுவது 2022இல் காட்டப்பட்டுள்ளது. எனவே சேருமிடத்தை முன்கூட்டியே அறுதியிடும் பெயர் நமக்கு வேண்டாம்.

‘கடவு’ என்பது வழியையும் கடந்து செல்வதையும் குறிக்கும் பழஞ்சொல். ‘கடவுச்சீட்டு’, ‘கடவுச்சொல்’ ஆகியவற்றால் இன்றும் எல்லோர் நாவிலும் உள்ளது. இலங்கையில் ‘பாதசாரிக் கடவை’, ‘புகையிரதக் கடவை’ என்று தெருவிலேயே எழுதப்பட்டிருக்கிறது. இதன் பெரும் பயன், வேரிலிருந்து வினையும் எதிர்மறையும் தாமாகவே கிளைப்பதுதான். ‘இரண்டாம்வகைச் செல் கடவுநிலையை அடைகிறது’, ‘கடவுநிலை நீள்கிறது’ என்று எழுதலாம். நோயில் குவிந்துகிடப்பதைக் ‘கடவுநிலைத் தேக்கம்’ எனலாம். ‘இடைநிலைத் தேக்கம்’ என்று எழுதிப் பார்த்தால் வேறுபாடு உடனே புலப்படும். எதில் தேங்கியது என்ற கேள்விக்கு அத்தொடரில் விடை இல்லை.

‘நிலை’ தேவையா, ‘கடவுச்செல்’ என்றே சுருக்கலாமே என்று கேட்கப்படலாம். சுருக்கம் எனக்கும் பிடித்ததுதான். ஆனால் ‘கடவுச்செல்’ என்றால் நிலையான ஒரு செல்வகை என்று மாணவர் கொள்வார். ஒரே செல் சிறிது காலம் தாங்கும் நிலை இது என்பதை ‘நிலை’ என்ற உறுப்புதான் காக்கிறது. இலங்கை நண்பர்கள் செல்லைக் ‘கலம்’ என்பதால் ‘கடவுநிலைக் கலம்’ என்று ஆள்வதில் எனக்கு மறுப்பில்லை. முன்பகுதி ஒன்றாக இருந்தால் தேடுவோர்க்கு இரண்டும் கிடைக்கும்.

இச்செல்லைப் பற்றிய கட்டுரைகளில் ‘முன்னோடிச் செல்’, ‘குருத்தணு’ (தன்னைப் புதுப்பித்துக்கொண்டே பிற செல்வகைகளையும் உருவாக்கும் செல்) ஆகிய இரண்டும் வேறுபாடின்றி ஆளப்படுவதையும் காண்கிறேன். இரண்டாம்வகைச் செல் தன் சுரப்புப் பணியையும் செய்துகொண்டே குருத்தணுவின் வேலையையும் ஏற்பதால், அதற்கு எது பொருந்தும் என்பதைத் தனி இழையில் எடுத்துக்கொள்ளலாம். இவ்விழையில் ‘கடவுநிலை’ பற்றிய மறுப்புகளை மட்டும் முதலில் எதிர்நோக்குகிறேன். குறிப்பாக, நோயாளிகளிடம் நாள்தோறும் பேசும் மருத்துவர்களின் கருத்து எனக்கு வேண்டும்.